ஒரு பட்டறை ஓவியமும் நம் பக்கத்து ஈயமும்

அம்மாவின் தோட்டுத் திருகாணி மரை தேய்ந்துபோய்விட்டது. பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம், எங்கள் வீட்டுக்கு இரண்டு தலைமுறையாகப் பழக்கமான ஒரு நகைக்கடை உண்டு. முன்னால் கண்ணாடிப் பெட்டிகள். பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் நகை செய்கிற பத்தர் ஐயாவின் இடம். எழுபது வயதைத் தாண்டியவர். தோட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "முக்கால் மணி நேரம் ஆகும் தம்பி, உட்காருங்க" என்றார். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. சரி என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சுவரில் சட்டம் போட்ட ஓர் அச்சுப்படம். பழைய ஓவியம் ஒன்றின் நகல். உலோக வேலை செய்கிற மூன்று பேர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஊதுகுழலை வாயில் வைத்துக் குமுட்டி அடுப்பைப் பார்த்து ஊதுகிறார். இன்னொருவர் பட்டடை மேல் தகட்டை வைத்துத் தட்டுகிறார். மூன்றாமவர் மடியில் ஒரு செம்பை வைத்துத் தேய்க்கிறார். ஓரத்தில் சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண், இடுப்பில் குடத்தோடு நிற்கிறாள். ஆண்களின் மார்பில் பூணூல். நிறங்கள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன.

இந்தப் படத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. பட்டறைப் படம் என்கிறோம், பட்டறை எங்கே? சுவர் இல்லை, கூரை இல்லை, புகை இல்லை. காலடியில் மெல்லிய புல்தரைக் கோடு, பின்னால் வெளிறிய வானம், அவ்வளவுதான். நெருப்பு வேலை செய்கிறவர்கள் ஏதோ ஆற்றங்கரைக்குக் காற்று வாங்கப் போனவர்களைப்போல வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வகை ஓவியங்களுக்குக் கம்பெனி ஓவியங்கள் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் படைவீரர்களும் பாதிரிமார்களும் கேட்டு வாங்கியதால் வந்த பெயர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, கேமரா வந்து இடத்தைப் பிடிக்கும்வரை, இந்தியா முழுக்க இது நன்றாக ஓடிய தொழில். தெற்கே அதன் முக்கியமான இடம் தஞ்சாவூர். கையெழுத்துப் போடும் வழக்கம் அனேகமாகக் கிடையாது. அதனால் வரைந்தவர்களைத் தனித்தனி ஆட்களாக அல்லாமல், தஞ்சைச் சித்திரக்காரர்கள் என்று ஒரு கூட்டமாகத்தான் சொல்ல முடிகிறது. அவர்களில் பலர் தெலுங்கு நாட்டு வழிவந்த ராஜு சமூகத்தார்.

இவர்களுக்கு இரண்டு விதமான வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருபக்கம் கோயிலும் அரண்மனையும் வசதியான வீடுகளும். அவர்களுக்கு வேண்டியது பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணம் பூசி, தங்க ரேக்கு பதித்த கிருஷ்ணரும் பட்டாபிஷேக ராமரும். நாம் இன்றைக்குத் தஞ்சாவூர் ஓவியம் என்று வாங்கி மாட்டுவது அந்த வகை. இன்னொரு பக்கம் துரைமார். அவர்கள் கேட்டது சாமியை அல்ல, சாமியைக் கும்பிடுகிற மனிதர்களை. அதற்கு ஐரோப்பியக் காகிதமும் நீர்வண்ணமும் போதும், தங்கம் தேவையில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798 முதல் 1832 வரை) காலத்தில் இந்த இரண்டு சந்தையும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. தங்கத் தட்டார் அடித்துக்கொடுத்த ரேக்கில் கண்ணனுக்குக் கிரீடம் செய்த அதே கூட்டத்தார், அந்தத் தட்டாரையே தங்கமில்லாத காகிதத்தில் துரைக்கு வரைந்து விற்றார்கள்.

திருச்சிராப்பள்ளி அப்போது படைகள் தங்கும் பெரிய பாளையம். அங்கே இந்தத் தொழில் இன்னும் மலிவான வடிவம் எடுத்தது. காகிதத்துக்குப் பதில் மெல்லிய அப்பிரகத் தகட்டில், உள்ளங்கை அளவுக்கு, தொழில்வாரியாக மனிதர்களை வரைந்து கட்டுக்கட்டாக விற்றார்கள். ஊருக்குத் திரும்புகிற சிப்பாய் பெட்டியில் போட்டு எடுத்துப்போகலாம். அப்பிரகத்துக்குத் தமிழில் காக்காப்பொன் என்றும் பெயர் உண்டு அல்லவா? காக்காப்பொன்னில் பொற்கொல்லர் படம். வரைந்தவர் சிரித்துக்கொண்டேதான் வரைந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

சுவர் ஏன் இல்லை என்பதற்கு வருவோம். மதுரையில் 1837-இல் ஒரு தொகுப்பு செய்தார்கள். 72 படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சாதியையோ தொழிலையோ சேர்ந்த ஆணும் பெண்ணும். அமெரிக்கப் பாதிரியார் டேனியல் பூவர் அதை இன்னொரு பாதிரியாருக்குப் பரிசாகக் கொடுத்தார். இன்று அது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அந்தத் தொகுப்பின் தலைப்பே இந்தியச் சாதிகளின் 72 'மாதிரிகள்' என்றுதான் போகிறது. மாதிரி என்பதுதான் இங்கே திறவுகோல். நம் பக்கத்திலேயே இதற்கு ஓர் உறவு உண்டு. மலாக்காவில் இருந்த கம்பெனி அதிகாரி வில்லியம் ஃபார்க்குவர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன ஓவியர்களை வைத்து இந்தத் தீபகற்பத்தின் செடிகொடிகளையும் விலங்குகளையும் 477 படங்களாக வரையவைத்தார். அதில் மங்குஸ்தான் கிளையை வெட்டி வெள்ளைத் தாளில் வைத்ததுபோல இருக்கும். அது எந்தத் தோட்டத்து மரம், பக்கத்தில் யார் வீடு என்பது படத்துக்கு வேண்டாதது. தட்டாரையும் அதே கண்ணோடுதான் பார்த்தார்கள். கையில் கருவி, பக்கத்தில் மனைவி, உடம்பில் சாதிக்கு உரிய உடை. அதற்குமேல் சுவரும் கூரையும் எதற்கு?

ஆனால் கருவிகளில் ஓவியர் பொய் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, அவரும் கைவேலைக்காரர். பத்தர் ஐயா சாமணத்தை (சின்ன இடுக்கி) கீழே வைத்த நேரம் பார்த்து, "இந்தப் படத்துல எல்லாம் சரியா இருக்கா ஐயா?" என்று கேட்டேன். எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவர் சொன்னதையும் நான் படித்துத் தெரிந்ததையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

குமுட்டி என்பது மண்ணால் செய்த சின்ன அடுப்பு. கரியும் உமியும் போட்டு மூட்டுவது. ஊதுகுழல் நுனியில் லேசாக வளைந்திருக்க வேண்டும், படத்தில் வளைந்திருக்கிறது. ஊதுவதில்தான் சூட்சுமம். மூச்சு விட்டுவிட்டு ஊதினால் சூடு ஏறி இறங்கி வேலை கெட்டுவிடும். மூக்கால் இழுத்துக்கொண்டே, கன்னத்தில் நிறுத்திய காற்றை வாயால் விடாமல் தள்ள வேண்டும். படத்திலுள்ளவரின் கன்னம் புடைத்திருக்கிறது. அது வரை ஓவியர் சரி. "ஆனா கண்ணு தப்பு" என்றார் பத்தர் ஐயா. ஊதுகிறவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெருப்பிலிருந்து கண்ணை எடுத்தால் பொடி ஓடுவது தெரியாது. பொடி உருகி ஓடுகிற அந்த ஒரு கணத்தில் நிறுத்தவில்லை என்றால் நகையே உருகிவிடும்.

பொடி என்றால் பற்றவைக்கும் பொடி. பொன்னோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் சேர்த்து உருக்கி, அரத்தால் ராவி எடுப்பது. சுத்தத் தங்கம் உருக 1,064 டிகிரி செல்சியஸ் வேண்டும். கலப்புச் சேர்ந்த பொடி அதற்கு முன்பே உருகிவிடும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஒட்டுவேலை நடக்கிறது. வெண்காரத்தைத் தொட்டு, பொடியை இணைப்பில் வைத்து, ஊத வேண்டும். நாம் ஒருவரை "பொடி வைத்துப் பேசுகிறார்" என்கிறோமே, அது மூக்குப்பொடி அல்ல, இந்தப் பொடிதான் என்று பத்தர் ஐயா அடித்துச் சொல்கிறார். 'பொடி வைத்து ஊதுவது' என்றும் நாம் சொல்வதால் நானும் அவர் கட்சி. இடையில் ஒரு காலம் காட்மியம் கலந்து பற்றவைத்தார்கள், கேடிஎம் என்று விளம்பரப் பலகையில்கூடப் போட்டார்கள். காட்மியம் 767 டிகிரியிலேயே ஆவியாகி நுரையீரலுக்குப் போகும். படத்தில் இருப்பவருக்கு அந்த ஆபத்து இல்லை. காட்மியத்தைக் கண்டுபிடித்ததே 1817-இல் ஜெர்மனியில்தான்.

பூணூலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டார், கன்னார், கொல்லர், தச்சர், கல்தச்சர் என்று ஐந்து தொழிலாரும் சேர்ந்து கம்மாளர். விசுவகர்மாவின் வழி என்று சொல்லிக்கொள்பவர்கள், பூணூல் போடுகிறவர்கள். இன்றைக்கு இதை உடை விவரமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். ஓவியம் வரைந்த காலத்தில் அது சண்டைக்குரிய விஷயம். தங்கள் வீட்டுச் சடங்குகளைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமைக்காகக் கம்மாளர்கள் சித்தூர் ஜில்லா நீதிமன்றம்வரை போனார்கள். 1818-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. வாங்கிய துரைக்கு அந்த நூல் இன்னொரு அடையாளக் குறி. படத்தில் இருக்கும் மனிதருக்கு அது வழக்காடிக் காப்பாற்றிய உரிமை. ஒரே வெள்ளைக் கோடுதான், பார்க்கிற ஆளைப் பொறுத்து அதன் கனம் மாறிவிடுகிறது.

இப்போது மூன்றாமவர். மடியில் செம்போடு இருப்பவர். முதலில் அவர் பாத்திரத்தைத் துலக்குகிறார் என்றுதான் நினைத்தேன். பத்தர் ஐயா சிரித்தார். "துலக்குறதுக்குப் பட்டறைக்கு எதுக்கு வரணும்? கலாய் பூசுறான்."

செம்புப் பாத்திரத்திலும் பித்தளைப் பாத்திரத்திலும் புளி ஊற்றிச் சமைத்தால் களிம்பு ஏறும். அதற்காக உள்பக்கம் வெள்ளீயம் பூசுவார்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக் கட்டியை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சால் சுற்றித் தேய்த்தால் வெள்ளைப் புகை கிளம்பி, உள்ளே கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஈயம் 232 டிகிரியிலேயே உருகுவதால் இதற்குப் பெரிய உலையும் வேண்டாம். "ஈயம் பூசலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்களை எங்கள் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்து நினைவாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஈயம்தான் எனக்குப் படத்தின் மிகச் சுவையான இடம். காரணம், இந்தியாவில் வெள்ளீயம் அரிது. செம்போடு அதைச் சேர்க்காமல் வெண்கலம் கிடையாது. குத்துவிளக்கும் கோயில் மணியும் நடராசர் சிலையும் ஈயம் இல்லாமல் நடக்காது. அப்படியென்றால் அது எங்கிருந்து போனது? பெரும்பகுதி இந்தக் கரையிலிருந்து. பர்மா தொடங்கித் தாய்லாந்தின் தென்பகுதி, பேராக், சிலாங்கூர், பங்கா தீவு என்று நீளும் ஈய வளம் உலகத்திலேயே பெரிய ஒன்று. அரபுக் கடலோடிகளும் எழுத்தாளர்களும் 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 'கலா' என்ற துறைமுகத்தைப் பற்றி எழுதினார்கள். ஈயத்துக்குப் பேர்போன துறை. அதை நம் கெடாவோடு, அதாவது தமிழர் வாயில் கடாரமாகிய ஊரோடு, பல வரலாற்றாசிரியர்கள் பொருத்துகிறார்கள். அரபியில் ஈயத்துக்கே 'கலாயீ' என்று பெயர் வந்தது அந்தத் துறைமுகத்தின் பெயரிலிருந்து என்பார்கள். அந்தச் சொல் உருதுவிலும் இந்தியிலும் புகுந்து, தமிழ்ப் பட்டறைக்கும் வந்தது. கலாய்! (இளைஞர்கள் ஒருவரை ஒருவர் கலாய்ப்பது வேறு கதை, அதை இதில் இழுக்கவில்லை.) பினாங்குத் தீவு 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்த ஃபிரான்சிஸ் லைட் கையில் போகும்வரை கெடா சுல்தானுடையது. ஆக, அந்தச் செம்பின் உள்பக்கத்தில் நாம் உட்கார்ந்திருக்கிற இந்தக் கரை இருக்கிறது. ஓவியர் சுவரை எடுத்ததோடு இந்தக் கடலையும் சேர்த்து எடுத்துவிட்டார்.

கடல் தாண்டிப் போனது உலோகம் மட்டுமல்ல. தாய்லாந்தின் கிராபி பக்கத்தில், நம்மவர்கள் பள்ளி விடுமுறைக்குக் கடற்கரை பார்க்கப் போகிற அதே கிராபி, குவான் லுக் பாட் என்ற இடத்தில் ஒரு சின்ன உரைகல் கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. அதாவது, பொன்னை உரசி மாற்றுப் பார்த்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் தன் கல்லில் தன் பெயரை எழுதிவைத்துக்கொண்டு இந்தத் தீபகற்பத்தில் வேலை செய்திருக்கிறார். பதன் என்பதையும் நாம் இன்று கூப்பிடும் பத்தரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கம்பெனிப் படத்தின் மூன்று பேருக்கும் பெயர் இல்லை. அவர்களுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டு மூத்தவருக்குப் பெயர் இருக்கிறது. அவரை வேறு யாரும் மாதிரியாக வரையவில்லை, தன் பெயரைத் தானே வெட்டிக்கொண்டார். வித்தியாசம் அங்கேதான்.

அந்த உரைகல்லின் வேலையும் மலாய் மொழியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தரமான பொருளை 'பெர்முத்து' என்கிறோம் அல்லவா? அந்த 'முத்து' நம் கடல் முத்து இல்லை. பொன்னின் தரத்தைச் சொல்லும் 'மாற்று' என்ற தமிழ்ச் சொல்தான் அப்படி ஆனது. பழைய மலாயில் 'எமாஸ் செபுலோ முத்து' என்றால் பத்து மாற்றுத் தங்கம், கலப்பில்லாதது. நாம் அதற்கு அரை கூட்டிப் பத்தரை மாற்று என்கிறோம். இப்போதோ இரண்டு மொழிக்காரர்களும் கடைக்கு வந்து 916 என்றுதான் கேட்கிறார்கள். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 22 காரட்.

இந்த ஓவியங்கள் அங்கே வரையப்பட்ட அதே காலத்தில் பினாங்கில் எதை வரைந்தார்கள் என்றும் பார்த்தேன். கேப்டன் ராபர்ட் ஸ்மித் தீட்டிய பினாங்குக் காட்சிகளை வில்லியம் டேனியல் செதுக்கி 1821-இல் லண்டனில் வெளியிட்டார். மலை, கடல், துரை வீடுகள், பெரிய ஆகாயம். மனிதர்கள் பொட்டுப் பொட்டாக. ஆனால் 1794-இலேயே சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர்வரை இங்கே வந்து பிழைத்துப் போகிறார்கள் என்று ஃபிரான்சிஸ் லைட் எழுதினார். தஞ்சாவூரில் நிலமில்லாத மனிதர்கள், பினாங்கில் மனிதர்களில்லாத நிலம். இரண்டு படத்தையும் ஒன்றாக ஒட்டினால்தான் ஒரு முழுத் தெரு கிடைக்கும்.

அந்தத் தெரு இங்கே நிஜமாகவே இருந்தது. ஆர்மேனியன் தெருவுக்கு ஹொக்கியன் என்ற சீன மொழியில் செம்பு தட்டுகிற தெரு என்று பெயர், பீச் தெருவின் ஒரு பகுதிக்கு இரும்படிக்கிற தெரு. தமிழர்களுக்குப் பொன் வேலை. பெரிய வேலை என்றால் ஊரிலிருந்து வரவழைத்தார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் நகரத்தார் இழுத்துவரும் வெள்ளிரதம் 1894-இல் காரைக்குடியில் செய்து கப்பலில் வந்தது. இந்தப் பட்டறைகள் பலவற்றை மூடவைத்தது இயந்திரம் மட்டும் இல்லை. ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் வாடகையைச் சட்டம் கட்டுப்படுத்திவைத்திருந்தது. 1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள், 2000 பிறந்தபோது வாடகை சந்தை விலைக்கு ஏறியது. நாளைக்கு நாலு திருகாணி பார்க்கிறவரால் அதைக் கட்ட முடியுமா? 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்ந்தபோது சுவர்களும் கூரைகளும் பத்திரமாக இருந்தன. உள்ளே உட்கார்ந்திருந்த பலர் அதற்குள் கிளம்பிவிட்டார்கள். துரை வாங்கிய படத்துக்கு நேர் எதிர்.

பத்தர் ஐயா தப்பித்ததற்குக் காரணம், அவர் கடைக்காரரின் இடத்திலேயே உட்கார்ந்திருப்பது. வாயால் ஊதுவதை அவர் முக்கால்வாசி விட்டுவிட்டார். காலால் மிதிக்கிற துருத்தியும் எரிவாயுவும்தான். ரொம்ப மெல்லிய வேலைக்கு மட்டும் இன்னும் குழலை எடுப்பாராம். "படத்துல இன்னொண்ணு இல்லை, பார்த்தீங்களா?" என்றார். நான் மறுபடி பார்த்தேன். பட்டடை, சுத்தி, குறடு, குமுட்டி, தண்ணீர்க் குடம். தெரியவில்லை.

"தராசு."

அது இல்லைதான். குன்றிமணி நிறுக்கிற சின்னத் தராசு கூட இல்லை. தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று பழமொழி சொல்லிவைத்திருக்கிற ஊரில், தராசு இல்லாத தட்டாரிடம் யாரும் பொன்னைக் கொடுக்கமாட்டார்கள். படத்தில் பொன் கொடுக்கிற ஆளே இல்லையே. கடன் சொல்கிறவர், அவசரப்படுத்துகிற கல்யாண வீட்டார், எடை சரியா என்று எட்டிப்பார்க்கிற மாமியார், யாருமே இல்லை. படத்தை வாங்கிய துரைக்கு நகை செய்ய வேண்டியிருக்கவில்லை, அதனால் தராசும் தேவைப்படவில்லை.

திருகாணி முடிந்தது. இரண்டு தோட்டையும் மின்தராசில் வைத்தார். நான் கொண்டுவந்தபோது எழுதிய எடைச் சீட்டை அதன் பக்கத்தில் வைத்து, தராசின் முகத்தை என் பக்கம் திருப்பினார். புது மரைக்காகச் சேர்த்த பொன் எவ்வளவோ, எண் அவ்வளவு கூடியிருந்தது. "அம்மாகிட்ட காட்டிடுங்க" என்று சீட்டை மடித்துத் தோட்டோடு பொட்டலத்தில் வைத்தார்.